எங்கள் கரைக்கு மறுபடியும் ஓர் அணி வேண்டும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எழுதுகிற, பேசுகிற செய்தியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் டிசம்பரில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து, யார் எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், இந்தக் கரையில் ஆடுகிற பையன்களிலிருந்து ஓர் 'ஆல்-கோஸ்ட்' அணியை, அதாவது கரை முழுவதற்குமான அணியை, தேர்ந்தெடுத்து வெளியிட வேண்டும். இது புது யோசனை இல்லை. உங்களுக்கு முன்னால் இதே ஊர்களில் இதே வேலையைப் பார்த்தவர்கள் பல பத்தாண்டுகள் செய்துவந்ததுதான்.

நான் ஒரிகனில் கொர்வாலிஸ் என்ற சின்ன ஊரில் இருக்கிறேன். மேற்படிப்புக்காக 2008ல் வந்தேன். படிப்பு முடிந்தும் ஊரை விட்டுப் போக மனசு வரவில்லை. இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. சியாட்டிலிலிருந்து சான் டியாகோ வரை தமிழ் பேசுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இந்த ஸ்டேடியங்களுக்குப் போகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் என்னோடு சேர்ந்து உங்களிடம் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து; கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ள ஒப்புக்கொண்ட கல்லூரிகளின் கூட்டு. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கூட்டும் தன் சிறந்த வீரர்களை முதல் அணி, இரண்டாம் அணி என்று அறிவிக்கும். ஒரு காலத்தில் கான்ஃபரன்ஸும் வட்டாரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இன்று அப்படி இல்லை. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் வந்த முதல் மாதமே, செப்டம்பர் 25, ஒரு வியாழக்கிழமை இரவு, ஆய்வகத்து நண்பர்கள் என்னை எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமான ஒரிகன் ஸ்டேட்டின் ரீசர் ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனார்கள். ஆட்டத்தின் விதி ஒன்றும் எனக்குத் தெரியாது. எதிரே நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து யு.எஸ்.சி. எங்கள் ஒரிகன் ஸ்டேட் ஜெயிக்கும் என்று என் பக்கத்தில் இருந்தவர்கள்கூட நம்பவில்லை. முன்வரிசையில் நின்று எதிராளிகளை மறித்து வழி திறக்கிற எங்கள் லைன்மேன்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் இரண்டு மூட்டை நெல்லின் கனம். பந்து அவர்களுக்குப் பின்னால் போகும். வாங்கிய ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். யு.எஸ்.சி. தடுப்பாளர்கள் ஒரு கணம் தேடுவார்கள். அதற்குள் அந்தப் பெரிய முதுகுகளுக்கு நடுவிலிருந்து, எல்லாருடைய தோளுக்கும் கீழே, ஒரு தலைக்கவசம் வெளியே பாய்ந்து வரும். ஐந்தரை அடியை ஒட்டிய உயரம், முதலாண்டு மாணவர், பெயர் ஜாக்விஸ் ராட்ஜர்ஸ். அன்று 37 முறை பந்தை எடுத்து ஓடினார், 186 யார்டு (கஜம்), இரண்டு முறை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். 27-21, எங்களுக்கு வெற்றி. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியபோது விதி தெரியாத நானும் இறங்கினேன். அந்த ஆண்டு யு.எஸ்.சி. தோற்றது அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும்தான்.

பருவ முடிவில் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் பாக்-10 கான்ஃபரன்ஸ் (பின்னாளில் பாக்-12), தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த வீரராக ராட்ஜர்ஸை அறிவித்தது. முதலாண்டு மாணவர் ஒருவருக்கு அங்கே அந்தப் பெயர் கிடைத்தது அதுவே முதல் தடவை. நான் அப்போது அதைப் பெரிதாக யோசிக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, அந்தத் தேர்வுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று. 2006 முதல் 2010 வரை பாக்-10ல் பத்து அணிகளும் ஒன்றோடொன்று கட்டாயம் மோதின. ஓர் அணிக்கு ஒன்பது ஆட்டம், யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. வாக்குப் போட்ட பயிற்சியாளர்கள் எதிரணிகளைக் காகிதத்தில் பார்த்து எடை போட்டவர்கள் இல்லை. ஒரு வாரம் முழுக்க அவர்களின் ஆட்டத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்து, சனிக்கிழமை நேருக்கு நேர் நின்று அனுபவித்தவர்கள். அரிசோனாவிலும் வாஷிங்டனிலும் இருந்தவர்கள் பார்த்துவிட்டுத் தந்த சாட்சி அது.

இப்போது என்ன நிலை? ஒரிகன், வாஷிங்டன், யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. எல்லாம் போய்ச் சேர்ந்த பிக் டென் கான்ஃபரன்ஸில் 18 அணிகள். ஓர் அணி கான்ஃபரன்ஸுக்குள் ஆடுவது ஒன்பது ஆட்டம். அதாவது மற்ற 17 அணிகளில் எட்டை ஒரு பயிற்சியாளர் அந்த ஆண்டு எதிர்கொள்வதே இல்லை. ஒரிகன் பல்கலைக்கழகத்தின் லெஃப்ட் கார்டு (லைன்மேன்களில் ஒருவர்) நியூ ஜெர்சியில் இருக்கிற ரட்கர்ஸின் லெஃப்ட் கார்டோடு ஒப்பிடப்படுகிறார். நாற்பது மைல் சொச்சம் தள்ளி இதே வில்லமெட் பள்ளத்தாக்கில், இதே மழையில் பயிற்சி எடுக்கிற ஒரிகன் ஸ்டேட் கார்டோடு அவரை ஒப்பிடுவதற்கு ஒரு பட்டியல்கூட இல்லை. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் பெயரிலேயே அட்லாண்டிக் இருக்கிற கான்ஃபரன்ஸில். அங்கே 17 அணிகள்.

பாக்-12 உடைந்த கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நீங்கள்தான் எழுதினீர்கள். 2022 ஜூன் 30ல் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் கிளம்புவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ. ஆகஸ்ட் 4ல் ஒரே நாளில் ஐந்து. செப்டம்பர் 1ல் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும். 1915ல் போர்ட்லாண்டில் ஒரு ஹோட்டலில் கூடி நான்கு கல்லூரிகள் தொடங்கிய உறவின் வாரிசாக, 2024 பருவத்துக்கு மிஞ்சியது எங்கள் ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். தொலைக்காட்சிப் பணம் செய்த வேலை அது. அதைத் திருப்பச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. 2026 பருவத்துக்கு போயிசி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் எல்லாம் சேர்ந்து பாக்-12 என்ற பெயர் மறுபடி எழுகிறது. சந்தோஷம். ஆனால் அதுவும் ஒரு கான்ஃபரன்ஸ்தான். யு.எஸ்.சி. அதில் இல்லை. வாஷிங்டன் இல்லை.

இதனால் விளையாடுகிறவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பர் 14ல் சியாட்டிலில் வாஷிங்டன் ஸ்டேட், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 24-19 என்று வென்றது. வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர், ஜான் மெட்டீர் அந்தப் பருவத்தில் 29 டச்டவுன் எறிந்தார், 15 டச்டவுன் ஓடி அடித்தார். கூட்டினால் 44. இந்தக் கரையில் அந்த ஆண்டு அவர் எந்த இடத்தில் நின்றார்? ஒரிகன் குவார்ட்டர்பேக்குக்கு மேலா, கீழா? வாதாட வேண்டிய கேள்வி, டீக்கடையிலும் அலுவலகத்திலும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இங்கே ஒரு மேடை கிடையாது. இரண்டே அணிகள் இருக்கிற கான்ஃபரன்ஸில் முதல் அணி என்று யாரைச் சொன்னாலும் அதற்கு என்ன எடை இருக்கும்? பருவம் முடிந்ததும் அவர் ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகலாம். வட்டாரத் தேர்வுகள் ஏன் தோன்றின என்பதை நாம் மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1889ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் என்று முதல் 'ஆல்-அமெரிக்கா' அணி வெளியானது. பதினொரு பேர். பிரின்ஸ்டன் ஐந்து, யேல் மூன்று, ஹார்வர்டு மூன்று. அவ்வளவுதான் அமெரிக்கா. தேர்ந்தெடுத்தவர்கள் அயோக்கியர்கள் இல்லை. அவர்கள் பார்த்த ஆட்டம் அதுதான். அப்படி ஆண்டுதோறும் அணி தேர்ந்தெடுத்துவந்த வால்டர் கேம்ப்பின் முதல் அணியில் கிழக்குக்கு வெளியிலிருந்து ஒருவர் நுழைய 1898 வரை ஆனது. சிகாகோவின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பர்கர். தெற்கத்தி ஆள் ஒருவர் கேம்ப்பின் முதல் அணிக்கு வர 1918 ஆகிவிட்டது. இத்தனைக்கும் 1916ல் ஜார்ஜியா டெக் ஓர் ஆட்டத்தில் 222-0 என்று அடித்திருந்தது. ஆக, தெற்கு தனக்கென்று 'ஆல்-சதர்ன்' அணியைத் தேர்ந்தெடுத்தது, நடுமேற்கு 'ஆல்-வெஸ்டர்ன்' என்று தேர்ந்தெடுத்தது. எங்களைப் பார்க்காதவர்களின் பட்டியலுக்காகக் காத்திருக்க மாட்டோம், எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தருகிற ஹைஸ்மன் கோப்பைகூட 1935ல் முதன்முதலாகத் தரப்பட்டபோது மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் இருந்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அடுத்த ஆண்டே ஆற்றைத் தாண்டி விரித்தார்கள். ஆனாலும் இந்தக் கரைக்கு அந்தக் கோப்பை வந்து சேர 1962 ஆனது.

அந்த 1962 எங்கள் ஊர்க் கதை. டெர்ரி பேக்கர், ஒரிகன் ஸ்டேட் குவார்ட்டர்பேக். 1959ல் பழைய பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் பண விவகாரத்தில் உடைந்தபோது கலிபோர்னியாக் கல்லூரிகளும் வாஷிங்டனும் தங்களுக்குள் புதுக் கூட்டு அமைத்துக்கொண்டன. ஒரிகன், ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ வெளியே விடப்பட்டன. ஒரிகன் ஸ்டேட் 1964ல்தான் மறுபடி உள்ளே வந்தது. அதாவது பேக்கர் ஹைஸ்மன் வென்றபோது அவருடைய அணிக்குக் கான்ஃபரன்ஸே இல்லை. எங்கள் ஊர் இப்படி வெளியே நின்றது 2023ல் முதல் முறை அல்ல, இரண்டாம் முறை. அன்று ஆல்-கான்ஃபரன்ஸ் பட்டியல் மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால், நாட்டின் சிறந்த வீரர் தன் சொந்தக் கரையில் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்க மாட்டார்.

கான்ஃபரன்ஸை விட வட்டாரம் பெரியது. உங்கள் முன்னோருக்கு அது தெரிந்திருந்தது. ஓக்லாந்துக்குப் பக்கத்து மொராகாவில் இருக்கிற சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி செயின்ட் மேரீஸ். எந்தப் பெரிய கான்ஃபரன்ஸிலும் அது இல்லை. அங்கே ஆடிய ஹவாய்க்காரர் ஹெர்மன் வெடிமேயர் 1945ல் ஹைஸ்மன் வாக்கில் நான்காவதாக வந்தார். 1951ல் யு.எஸ்.எஃப்., சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம், ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. ஆலி மேட்சன் 1,566 யார்டு ஓடி நாட்டிலேயே முதலாவதாக நின்றார். மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களையும் விட்டுவிட்டு வந்தால் தெற்கே பௌல் ஆட்டத்துக்கு, அதாவது பருவ முடிவில் அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டத்துக்கு, இடம் உண்டு என்றார்கள். அணி முழுவதும் மறுத்தது. போகவில்லை. அந்த ஆண்டோடு பல்கலைக்கழகம் காசில்லாமல் ஆட்டத்தையே நிறுத்தியது. அந்த ஓர் அணியிலிருந்து மேட்சன், ஜீனோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று மூன்று பேர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். டோலர் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவரானார். இந்தப் பெயர்களைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, எத்தனை முறை சொன்னாலும்.

நம் காலத்தில் கூப்பர் கப் என்ற ஆட்டக்காரர் இருக்கிறாரே. ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகம், செனி என்ற ஊர், ஒரு படி கீழே இருக்கிற எஃப்.சி.எஸ். பிரிவு. 428 முறை பந்தைப் பிடித்தார், 6,464 யார்டு, 73 டச்டவுன். பிறகு என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் சிறந்த வீரரானார். அவர் கல்லூரியில் ஆடிய நான்கு வருடத்தில் பாக்-12 முதல் அணியில் அவர் பெயர் வர வழியே இல்லை, வேறு கான்ஃபரன்ஸ். கரை முழுவதையும் பார்த்து ஓர் அணி போட்டிருந்தால் அவரை விட்டுவிட்டு எழுத உங்களுக்குக் கை வந்திருக்குமா?

வட்டாரம் என்ற பெயர் இருந்தாலே நியாயம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தெற்கின் அந்த ஆல்-சதர்ன் அணிகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே கிடையாது. தெற்கின் பெரிய கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் ஆட்டம் ஒன்றில் ஒரு கறுப்பின வீரர் இறங்க 1967 வரை ஆனது. கறுப்பினக் கல்லூரிகளின் வீரர்களைப் 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகள்தான் தனியே தேர்ந்தெடுத்துக் கௌரவித்தன. நம் கரையும் சுத்தம் இல்லை. 1939ல் யு.சி.எல்.ஏ.வின் கென்னி வாஷிங்டன் மொத்தத் தாக்குதல் யார்டில் நாட்டிலேயே முதலாவது. ஆல்-அமெரிக்கா முதல் அணிகள் அவரை ஒதுக்கின. கிழக்கு, மேற்கு நட்சத்திர வீரர்கள் மோத சான் பிரான்சிஸ்கோவிலேயே நடந்த ஈஸ்ட்-வெஸ்ட் ஷ்ரைன் ஆட்டத்துக்கும் அவரை அழைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஒரு வார இதழ், ஆடுகிற வீரர்களிடமே வாக்குக் கேட்டது. தன்னை எதிர்த்து ஆடிய ஒவ்வொருவரின் வாக்கையும் பெற்ற ஒரே ஆள் கென்னி வாஷிங்டன்.

இதை ஒரு முறைக்கு இரண்டு முறை யோசித்துப் பாருங்கள். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுக்கிய ஆளை, அவரைக் கீழே தள்ள முயன்று தோற்றவர்கள் அத்தனை பேரும் கை தூக்கிக் காட்டினார்கள். அதனால்தான் நான் கேட்கிற ஆல்-கோஸ்ட் அணிக்கு உங்கள் வாக்கு மட்டும் போதாது என்கிறேன். ஒவ்வொரு கல்லூரியிலும் தடுப்பாட்ட கேப்டன்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் உன்னால் நகர்த்தவே முடியாதவன் யார்? லைன்மேன்களுக்கு யார்டு கணக்கு இல்லை, டச்டவுன் கணக்கு இல்லை. பட்டியல்களில் அவர்கள் பெரும்பாலும் அணியின் புகழைப் பொறுத்தே இடம் பெறுகிறார்கள் என்பது என் எண்ணம். ரீசரில் வடக்கு ஓரத்தில் உட்கார்ந்தால் கார்டின் கால் தெரியும். நல்ல கார்டு முதல் அடியை ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்க மாட்டார். இரண்டாவது கால் தரையில் ஊன்றும்போது அவர் கை ஏற்கெனவே எதிராளியின் மார்புக்கூட்டுக்குள் இருக்கும். ஆட்டம் முடிந்து பார்த்தால் எதிரே நின்றவரின் முழங்கால் முழுக்கப் புல் கறை, இவர் முழங்காலில் ஒன்றும் இருக்காது. இதை அறிந்தவர் எதிரே நின்றவர் மட்டுமே. அவரைக் கேளுங்கள்.

எல்லை எது என்று வாதம் வரும். கலிபோர்னியா, ஒரிகன், வாஷிங்டன் மூன்றும் நிச்சயம். ஹவாயையும் சேர்க்க வேண்டும். ஐடஹோ பற்றி நீங்கள் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள். பழைய கான்ஃபரன்ஸில் அது இருந்தது என்பதால் நான் சேர்க்கிற பக்கம். பிரிவு பார்க்க வேண்டாம்: டேவிஸும் சாக்ரமென்டோ ஸ்டேட்டும் போர்ட்லாண்ட் ஸ்டேட்டும் யு.எஸ்.சி. இருக்கிற அதே தாளில் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஆயிரம் பட்டியல் இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, சரி. ஆனால் நம் நேரத்துக்கு விழித்திருந்து பார்க்கிறவர்களின் பட்டியல் ஒன்றுகூட இல்லை. 2015ல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 3,864 மொத்த யார்டு எடுத்து, பாரி சாண்டர்ஸ் 1988ல் வைத்த 3,250 என்ற சாதனையை முறியடித்தார். ஹைஸ்மனில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அவருடைய பல ஆட்டங்கள் முடியும்போது கிழக்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. புத்தாண்டு நாளில், எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், ரோஸ் பௌலில் அயோவாவுக்கு எதிராக 368 யார்டு எடுத்தார். அதற்குள் கோப்பையைக் கொடுத்து முடித்துவிட்டிருந்தார்கள்.

நான் கேட்கிற அணியில் இடம் பிடித்தால் காசு வராது என்று தெரியும். கல்லூரிக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமுக்கும் அது கணக்கில் சேராது. அங்கே போக, அங்கீகரிக்கப்பட்ட ஆல்-அமெரிக்கா முதல் அணி ஒன்றில் இடம் வேண்டும். பரவாயில்லை. செனியில் ஆடுகிற ஒரு பையனின் பெயரும் சியாட்டிலில் ஆடுகிற ஒரு பையனின் பெயரும் ஒரே பத்தியில் அச்சாகி, அதை அவர்களின் பாட்டி வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினால் எனக்குப் போதும். உங்கள் செய்தி அறைகள் சுருங்கிவிட்டன, பயணத்துக்குப் பணம் தருவதில்லை என்பதும் தெரியும். அதனால்தான் ஒரு பத்திரிகை தனியாகச் செய்ய வேண்டாம், நான்கு மாநிலத்தவரும் சேர்ந்து செய்யுங்கள் என்கிறேன். வாஷிங்டன் ஸ்டேட்டின் ஊரான புல்மனில் இருக்கிறவர் புல்மனைப் பார்க்கட்டும், ஹொனலுலுவில் இருக்கிறவர் ஹொனலுலுவை. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு தொலைபேசி அழைப்பு, மூன்று மணி நேரச் சண்டை.

என்னிடம் 2009 முதல் எழுதிவைத்த நோட்டுகள் பதினைந்துக்கு மேல் இருக்கின்றன, ரீசரில் நான் பார்த்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும், வந்த அணி, நின்ற அணி இரண்டின் ஐந்து லைன்மேன்களைப் பற்றியும். சில பக்கங்கள் மழையில் நனைந்து மை ஓடியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. முதல் கூட்டத்துக்கு யாராவது தேதி குறித்தால், கொர்வாலிஸிலிருந்து அவற்றைப் படியெடுத்து உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரீசர் ஸ்டேடியத்தின் வடக்கு ஓரத்திலிருந்து ஒரு ரசிகன்
கொர்வாலிஸ், ஒரிகன்